வண்டலூர் மண்ணுக்கும் கொல்லிமலைக்கும் ஒரே டிஸ்க் பேட் போதுமா? ரெசினா, சின்டர்டா?

தையூர்_ஹார்டுடெயில் (கேள்வி)

வணக்கம். சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் பேட் மாற்ற வேண்டும். பிசினால் கட்டிய ரெசினா, உலோகத் தூளால் ஆன சின்டர்டா, எந்த வகை வாங்குவது என்பதில் குழப்பம். விவரங்களை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

29 இன்ச் ஹார்டுடெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்). ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் பிரேக், இரண்டு பிஸ்டன். முன்னும் பின்னும் 160 மிமீ ரோட்டார் (பேட் கவ்வும் வட்டத் தகடு), ஆறு போல்ட், எஸ்எம்-ஆர்டி56. ஆள், வண்டி, தண்ணீர் பை எல்லாம் சேர்த்து 95 கிலோ. ஓட்டுவது பெரும்பாலும் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய மண் பாதைகளும் ஏரிக்கரைகளும், காலையில் ஈசிஆர். அவ்வப்போது ஏலகிரி, கொல்லிமலை.

மூன்று தொல்லைகள். மழைக்காலத்தில் பின் பேட் மளமளவென்று தேய்கிறது. மலை இறக்கத்தில் பாதி வழியிலேயே பிடி குறைகிறது. லீவர் மட்டும் கெட்டியாகவே இருக்கிறது. ஈரம் பட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஊளை.

கடையில் கேட்டால் "சின்டர்டு போடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். ரோட்டாரில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ள வேண்டுமா, வேண்டாமா?

---

எண்ணெய்க்கறை

கண்டுகொள்ள வேண்டும். அது சும்மா அச்சடித்த எச்சரிக்கை இல்லை. ஆர்டி56-ன் எஃகு, சின்டர்டு பேடைத் தாங்கும் அளவுக்குக் கடினப்படுத்தப்படாதது. சின்டர்டு என்பது உலோகத் தூளை, பெரும்பாலும் செம்பு கலந்ததை, அழுத்திச் சூடாக்கிக் கட்டியாக்கியது. அதை இந்த ரோட்டாரில் போட்டால் பேட் பத்திரமாக இருக்கும், ரோட்டார்தான் தேயும். புது ரோட்டார் 1.8 மிமீ கனம், 1.5 மிமீ-க்கு வந்தால் மாற்றச் சொல்கிறது ஷிமானோ. வெறும் 0.3 மிமீதான் நமக்கு உள்ள இடம். மெலிந்த ரோட்டார் சீக்கிரம் சூடேறும், சூட்டில் நெளியும்.

சின்டர்டு வேண்டுமென்றால் அதே ஆறு போல்ட் வகையில் ஆர்டி66 வாங்குங்கள். அது ரெசின், சின்டர்டு இரண்டையும் ஏற்கும். வீலை மாற்ற வேண்டியதில்லை. டி25 டார்க்ஸ் போல்ட், 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் முறுக்கு. குறுக்கெதிராக, நட்சத்திரம் போடுகிற வரிசையில் இறுக்குங்கள்.

ஆனால் உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் ஒன்றல்ல. எல்லாவற்றையும் பேட் தலையில் கட்டக்கூடாது. இறக்கத்தில் நடப்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

லீவர் கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிக் கைவிட்டிருக்கிறது என்று பொருள். ரெசின் பேடில் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். அளவுக்கு மீறிச் சூடானால் அது வாயுவாகக் கசிந்து பேடுக்கும் ரோட்டாருக்கும் நடுவில் ஒரு படலமாக நிற்கும். மேற்பரப்பும் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். லீவர் மெத்தென்று இறங்கி ஹேண்டில்பாரைத் தொட்டால் அது வேறு கதை: ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. உங்களுடையது முதல் வகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 95 கிலோவை 40 கிமீ வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் சுமார் 5.9 கிலோஜூல் வெப்பம். அதில் 70 சதவீதம் முன் ரோட்டாருக்கு என்று வைத்தால் 4.1 கிலோஜூல். 100 கிராம் எஃகை ஒரு டிகிரி ஏற்ற 50 ஜூல் போதும். ஆக ஒரே பிடியில் 80 டிகிரி எகிறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 600 மீட்டர் உயரம் இறங்கினால் மொத்தம் 560 கிலோஜூல். காற்றுத்தடையும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் அந்த இரண்டு தகடுகளுக்குத்தான்.

அதனால் பேடுக்கு முன்னால் முன் ரோட்டாரை 180 மிமீ ஆக்குங்கள். அதே விரல் அழுத்தத்துக்கு 12.5 சதவீதம் கூடுதல் பிடி, ஆறுவதற்குக் கூடுதல் பரப்பு. ஃபோர்க்குக்கு 180 வரை அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் போஸ்ட் மவுன்ட் 160-லிருந்து 180-க்கான அடாப்டரும் (பிரேக்கைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்கும் துண்டு) அதற்குரிய நீள போல்ட்டும் போதும்.

---

மணல்மேடு_எம்டிபி

அண்ணன் மலையைப் பத்திச் சொல்லிட்டாரு. நான் வண்டலூர் பக்கம் வரேன். ஏன்னா வண்டி அதிக நாள் ஓடுறது அங்கதான்.

சென்னையில பேடைத் தின்றது சூடு இல்ல, மணல். நம்ம ஊரு தட்டை. பிரேக்கு சூடாகவே வழியில்ல. ஆனா அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஏரிக்கரைச் சேறும் மணலும் தண்ணியோட கலந்து, மெக்கானிக் வால்வு தேய்க்கப் போடுற பேஸ்ட் மாதிரி பேடுக்கும் ரோட்டாருக்கும் நடுவுல உக்காந்துக்கும். பிரேக் பிடிச்சாலும் தேயும், பிடிக்கலன்னாலும் உரசித் தேயும். பின் டயர் வாரி அடிக்கிறது நேரா பின் காலிபர் (பேடும் பிஸ்டனும் இருக்குற பகுதி) மேலதான். அதான் பின் பேடு முதல்ல போவுது. ரெசின் மெத்துன்னு இருக்கும். சேத்துல ஒரே நாள்ல தீந்துபோறதுகூட உண்டு. சின்டர்டு இந்த இடத்துல கெத்து.

அதனால நான் சொல்றது: பின்னாடி ஆர்டி66 போட்டு, மழைக்காலத்துக்கு மட்டும் சின்டர்டு. கோடைக்கு ரெசின். முன்னாடி வருஷம் முழுக்க ரெசினோ, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற செமி மெட்டாலிக்கோ போதும். முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னு போட்டா ஒரு தப்பும் இல்ல. ஒரே காலிபர்ல இந்தப் பக்கம் ரெசின், அந்தப் பக்கம் சின்டர்டுன்னு மட்டும் போட்டுடாதீங்க. அப்படியும் மாட்டி அனுப்பி வைக்கிறாங்க சில இடத்துல.

வாங்கும்போது கவனம். எம்டி200-க்கு வர்றது பி வகை பேடு, ஷிமானோவோட ரெசின் பி05எஸ் அதுக்கு சரியா உக்காரும். எக்ஸ்டி, எஸ்எல்எக்ஸ் வண்டிங்களுக்கு வர்ற ஜி வகையோட வடிவமே வேற, இதுல உள்ள போகாது. சின்டர்டு, செமி மெட்டாலிக் ரெண்டும் மத்த கம்பெனிங்க பி வடிவத்துல போடுறாங்க. பழைய பேடைக் கழட்டிக் கையோட ரத்தன் பஜாருக்குக் கொண்டு போங்க. முதுகோட முதுகு வெச்சு, பேடைப் பிடிக்கிற ஊசி போற ஓட்டையும் காதும் ஒத்துவருதான்னு பாத்துட்டுக் காசு குடுங்க.

---

ரோட்டார்_நீலம்

பின்னுக்கு சின்டர்டு சரிதான். ஆனால் அதைத் தட்டையான ஊரில் ஓட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சின்டர்டு சூடான பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். காலையில் ஈசிஆரில் நாலு தடவை லேசாகத் தொட்டால் அது எழுந்தே இருக்காது. முதல் பிடி மந்தமாக இருக்கும், சத்தமும் கூடும். ரெசின் குளிரிலேயே கவ்வும். ஊளையைக் குறைக்க சின்டர்டு போடுகிறேன் என்பவர்கள் நேர் எதிர் திசையில் போகிறார்கள்.

இன்னொன்று, சின்டர்டு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பேட் தாங்கும், ஆனால் சூடு பின்தகடு வழியாக பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இரண்டு பிஸ்டன் காலிபரில் முன்பக்கம் 160 ரோட்டாரோடு சின்டர்டு போட்டு, மேலிருந்து கீழ் வரை லீவரை விடாமல் இழுத்துக்கொண்டே வந்தால் பேட் கைவிடாது, ஆயில் கைவிடும். அது மோசம். பேட் பலவீனமாவது படிப்படியாகத் தெரியும், ஆயில் கொதிப்பது ஒரே நொடியில் தெரியும். எண்ணெய்க்கறை சொன்ன 180 ரோட்டார் அதனால்தான் முதல் வேலை.

என் கணக்கில் இந்த வண்டிக்கு நடுவழி செமி மெட்டாலிக். ரெசினிலேயே உலோக இழை கலந்தது. மணலில் ரெசினைவிட நிற்கும், ஊளை சின்டர்டைவிடக் குறைவு. ஆனால் அட்டையில் 'ரெசின் ரோட்டாருக்கு ஏற்றது' என்று தெளிவாக இல்லாவிட்டால் ஆர்டி56-ல் அதையும் போடாதீர்கள்.

இறங்கும் முறை: வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் நுழையும்போது முழுதாக விடுங்கள். விட்ட அந்த இடைவெளியில்தான் காற்று ரோட்டாரை ஆற்றும். ரோட்டார் வைக்கோல் நிறமாகி ஊதா, நீலம் என்று மாறியிருந்தால் இழுத்துக்கொண்டே வருகிறீர்கள் என்று அர்த்தம். நிற்கும்போது தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், நெளியும். விரலால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

---

உப்புத்தாள்_120

மூவரும் ஊளையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். மழை நின்று ரோட்டார் காய்ந்த பிறகும் ஊளை இருந்தால் ஈரம் காரணமில்லை, எண்ணெய். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் ஊரில் பெரும்பாலும் வாட்டர் சர்வீஸ். பைக் கழுவுகிற இடத்தில் கடைசியில் டீசலோ பாலிஷோ அடித்து பளபளப்பாக்கித் தருவார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அது நடக்கும், நம் பேடுக்கு அது சாவு. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பறக்கும் துளியும் அப்படியே. செயினுக்குச் சொட்டு சொட்டாக விடுங்கள், பின் ரோட்டாரை ஒரு துணியால் மூடிக்கொண்டு.

கண்டுபிடிப்பது இப்படி. பேடைக் கழற்றிப் பாருங்கள். மேலே பளபளப்பு மட்டும் இருந்தால் சூட்டில் ஆனது. சமதளமான கண்ணாடி மீது 100 அல்லது 120 எண் உப்புத்தாளை வைத்து, பேடை எட்டு போடுவது போல மெதுவாகத் தேய்த்தால் மந்தமான மேற்பரப்பு வந்துவிடும். தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள். கறுத்து ஈரமாக, ஓரத்தில் எண்ணெய் ஊறியது போல இருந்தால் ரெசின் பேடைக் குப்பையில் போடுங்கள். அடுப்பில் காட்டி எரிக்கிற வைத்தியம் ரெசினுக்கு ஆகாது: பிசின் கருகும், புகை கெட்டது, எண்ணெய் உள்ளேயே நிற்கும்.

ஒரு பக்கப் பேட் மட்டும் நனைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது பிஸ்டன் சீல். அதைப் பார்க்காமல் புதுப் பேட் போட்டால் அதுவும் போச்சு.

ரோட்டாரைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்கென்று விற்கிறார்கள், அதே சரக்குதான். பெட்ரோல், தின்னர் வேண்டாம். படிவு விட்டுப் போகும். சானிடைசர் ஜெல்லும் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும்.

பேட் வகையை மாற்றும்போது, அதாவது ரெசினிலிருந்து சின்டர்டுக்கோ திரும்பியோ போகும்போது, பழைய பேட் ரோட்டாரில் விட்டுப்போன படலத்தை எடுத்தாக வேண்டும். 120 உப்புத்தாளால் இரு பக்கமும் வட்டமாக லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு "புதுப் பேட் பிடிக்கவில்லை" என்று புலம்புவது வழக்கமான கூத்து.

பிறகு பேடைப் பழக்க வேண்டும். விடியற்காலை காலியான சர்வீஸ் ரோடு போதும். 20 கிமீ வேகத்திலிருந்து நடை வேகம் வரை சீராகப் பிடித்து விடுங்கள், 20 தடவை. அடுத்து 30 கிமீ-லிருந்து இன்னும் அழுத்தமாக, 10 தடவை. முன், பின் தனித்தனியாக. சக்கரம் பூட்டக் கூடாது, முழுதாக நிறுத்தவும் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பிறகு பிடிக்கும்போதெல்லாம் துடிக்கும். முதல் ஐந்தாறு பிடியில் ஒன்றுமே பிடிக்காத மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள்.

---

தையூர்_ஹார்டுடெயில்

நன்றி. இப்படிச் செய்யலாமா: முன்னுக்கு ஆர்டி66 180 மிமீ, செமி மெட்டாலிக். பின்னுக்கு ஆர்டி66 160, மழைக்கு சின்டர்டு, மற்ற மாதங்களில் பி05எஸ். பேடை நானே மாற்றுவதாக இருந்தால் எதில் கவனம் வேண்டும்? பிஸ்டன் தள்ளும்போது ஆயில் கசியும் என்று படித்தேன்.

---

எண்ணெய்க்கறை

பட்டியல் சரி. ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் பின் பேடை மாற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ரோட்டார் தேய்ப்பு, பழக்குதல் எல்லாம் உண்டு. அலுப்பாக இருந்தால் பின்னுக்கும் செமி மெட்டாலிக் போட்டுவிட்டு இருங்கள்.

மாற்றும் முறை: வீலைக் கழற்றுங்கள். பழைய பேட் உள்ளே இருக்கும்போதே, பிளாஸ்டிக் டயர் லீவரை நடுவில் விட்டு லேசாக அகட்டி, பிஸ்டன் ஓரத்தில் ஒட்டிய சேறு தெரிகிறதா பாருங்கள். சேறு இருந்தால் தள்ளுவதற்கு முன் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் துடையுங்கள். அழுக்கோடு உள்ளே தள்ளினால் சீல் கிழியும், உங்கள் எண்ணெய்க் கசிவு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பிறகு பிஸ்டனை முழுதாக உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

தள்ளும்போது கசிவதற்கும் லீவர் கல் மாதிரி ஆவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தேய்ந்த பேட் போட்டிருந்தபோது யாரோ ஆயிலை நிரப்பியிருப்பார்கள். பிஸ்டன் வெளியே வந்திருந்த இடத்துக்கும் சேர்த்து ஆயில் நின்றிருக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது போக இடமில்லை. லீவரில் உள்ள பிளீட் திருகை (ஆயில் மாற்றி, காற்றை எடுக்கும் இடம்) திறந்து புனலை மாட்டிக்கொண்டு தள்ளுங்கள், மிச்சம் புனலுக்குள் ஏறும். இனி ஆயில் மாற்றும்போது பேடை எடுத்துவிட்டு, பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் மஞ்சள் பிளாக் வைத்துத்தான் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்டி200-க்கு ஷிமானோ மினரல் ஆயில் மட்டும். டாட் ஆயில் (கார், பைக் பிரேக்குக்கு ஊற்றுவது) ஒரு சொட்டு போனாலும் சீல் ஊதிவிடும்.

புதுப் பேடோடு வரும் புது ஸ்பிரிங்கையே போடுங்கள். காலிபர் போல்ட் இரண்டையும் 5 மிமீ ஆலன் கீயால் தளர்த்தி, வீலை மாட்டி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றி இறுக்குங்கள், 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். உரசல் கேட்டால் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு சமமாகத் தெரிகிறதா பாருங்கள்.

---

ஸ்ராம்காரன்

குறுக்கே ஒரு கேள்வி. என்னுடையது ஸ்ராம் கம்பெனியின் டாட் 5.1 ஆயில் பிரேக். கடற்கரை ஓரம் ஓட்டுவது. பேட் விஷயத்தில் வேறு எதாவது உண்டா?

---

ரோட்டார்_நீலம்

பேடில் வித்தியாசம் இல்லை, கனக் கணக்கில் மட்டும் உண்டு: ஸ்ராமில் பின்தகட்டையும் சேர்த்து 3 மிமீ-க்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டும். ஷிமானோவில் உராயும் பொருள் மட்டும் 0.5 மிமீ.

ஆயிலில் பெரிய வித்தியாசம் உண்டு. டாட் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி. ஈரம் ஏறியதற்கு 180 போதும் என்கிறது தரம். சென்னைக் காற்றில் திறந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். சின்ன பாட்டிலாக வாங்கி மிச்சத்தை முறையாகக் கழித்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, மழை முடிந்ததும், பிளீட் செய்யுங்கள்.

கடற்கரை என்பதால் எஃகுப் பின்தகட்டின் ஓரத்தில் துரு வருகிறதா என்று பாருங்கள். துரு பின்தகட்டுக்கும் பேட் பொருளுக்கும் நடுவில் ஏறினால் பொருள் தகட்டிலிருந்து பிரிந்து வரும். விளிம்பில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள், எவ்வளவு கனம் மிச்சமிருந்தாலும். ஈசிஆர் ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், பிரஷர் வாஷர் குழாயைக் காலிபருக்கு நேராக நீட்டாமல்.

---

மணல்மேடு_எம்டிபி

தையூர், ஒண்ணு விட்டுப்போச்சு. ரோட்டார் இல்லாம லீவரை அழுத்திடாதீங்க, பிஸ்டன் வெளிய வந்துடும். கொல்லிமலைக்கு வண்டியை கார்ல ஏத்திட்டுப் போறப்ப பேடுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசரைச் செருகிடுங்க. அது இல்லன்னா அட்டையை நாலா மடிச்சு வெச்சா போதும். இன்னொரு செட் பேடும், அதைப் பிடிக்கிற ஊசியும் பையில இருக்கட்டும். மலையில பி வகை தேடுனா கிடைக்காது.